உறங்குவோர் நடுவே ஒருவர் விழித்திருக்கட்டும்

 

தூத்துக்குடியிலிருந்து மாலத்தீவுக்குச் சரக்கேற்றிச் செல்லும் தோணிகளிலும், தருவைகுளத்திலிருந்து பல நாள் மீன்பிடிப்புக்குப் புறப்படும் விசைப்படகுகளிலும் நம் கரையோர மக்கள் இரவைக் கடலிலேயே கழிக்கின்றனர். அவர்களை வழியனுப்பும் தாய்மார்கள் காற்றுக்கும் மழைக்கும் அஞ்சுகின்றனர். நெருப்பை நினைப்போர் சிலரே. சுற்றிலும் தண்ணீர் இருக்கையில் நெருப்பு என்ன செய்துவிடும் என்றே எண்ணத் தோன்றும்.

அன்று நம் கடலில் முத்துக்குளித்தோர் தரைக்காற்றில் சென்று கடற்காற்றில் திரும்பி, இரவில் கரையில் உறங்கினர். 1961 உடன் அந்த முத்துக்குளிப்பு நின்றுபோயிற்று. இன்றோ பல நாடுகளில், கடலடி அழகைக் காண மூழ்குவோர் படகிலேயே பல இரவுகள் தங்குகின்றனர். அத்தகைய படகொன்றுக்கு நேர்ந்த கதி நமக்கெல்லாம் படிப்பினையாகும்.

2019 செப்டம்பர் 2, அதிகாலை மூன்று மணியளவு. அமெரிக்காவின் கலிபோர்னியாக் கரைக்கு அப்பால் நங்கூரமிட்டிருந்த ‘கன்செப்ஷன்’ என்னும் படகு தீப்பற்றியது. கீழ்த்தளத்தில் உறங்கிய 34 பேரும் மாண்டனர். மேலே உறங்கிய ஊழியர் ஐவர் மட்டும் கடலில் குதித்துத் தப்பினர். கீழிருந்து வெளியேற வழிகள் இரண்டு இருந்தன. இரண்டும் தீ மூண்ட அதே கூடத்துக்கே இட்டுச் சென்றன. அக்கூடத்தில்தான் கைப்பேசி, விளக்கு முதலியவற்றின் பேட்டரிகளுக்கு மின்னேற்றம் நடந்தது. முதற்பொறி எங்கிருந்து எழுந்தது என்பது இறுதிவரை உறுதியாகவில்லை. ஆனால் ஒன்று உறுதியாயிற்று: இரவில் சுற்றிவந்து கண்காணிக்க ஒருவர் வேண்டும் என்பது அப்படகுக்கு விதிக்கப்பட்ட நிபந்தனை, அன்றோ அனைவரும் உறங்கிவிட்டனர். படகின் தலைவருக்கு 2024இல் நான்காண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. போன உயிர்கள் திரும்பவில்லை.

மதீனாவில் ஓரிரவு ஒரு வீடு எரிந்த செய்தி கேட்டு, நெருப்பு உங்கள் பகைவன், உறங்கும்முன் அதை அணைத்துவிடுங்கள் எனும் கருத்தில் நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதை நாம் அறிவோம். வீட்டுக்குரிய அந்த எச்சரிக்கை படகுக்கும் பொருந்துமன்றோ?

ஆகவே, உங்கள் பிள்ளையோ கணவரோ சகோதரரோ கடலேறும்முன் சிலவற்றைக் கேளுங்கள். இரவில் முறைவைத்து விழித்திருப்பவர் யார்? உறங்குமிடத்திலிருந்து, ஒன்று அடைபட்டாலும் மற்றொன்று திறந்திருக்கும்படி இரு வழிகள் உண்டா? சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் படகின் அடித்தளத்தில் தேங்கி, ஒரு பொறிக்குக் காத்திருக்கும். சிலிண்டர் திறந்த மேல்தளத்தில் இருக்கிறதா? சமைத்து முடித்ததும் அதன் வால்வை மூடுகின்றனரா? தீயணைப்புக் கருவி கைக்கெட்டும் இடத்தில் உள்ளதா? கைப்பேசிக்கு மின்னேற்றம் செய்வதை விழித்திருக்கும் வேளையில், படுக்கைக்கு அப்பால் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

இவற்றுள் பலவற்றுக்குப் பணம் வேண்டியதில்லை; ஒருவருடைய உறக்கத்தில் சில மணி நேரம் போதும். தவக்குல் என்பது ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவனை நம்புவதாகும். காவல் வைத்துவிட்டுத் துஆச் செய்வோம். கடலிலும் கரையிலும் நம்மவர் அனைவரையும் அல்லாஹ் காத்தருள்வானாக! ஆமீன்.