உள்ளே இருக்கிறவனுக்கு மட்டும் ஏன் குடை இல்லை?

மக்களே, நேத்து ஆடிட்டிங் வகுப்புல சத்யம் கம்ப்யூட்டர்ஸ் கதை. 'ஆடிட்டர் கோட்டை விட்டார்'னு சொல்லி பாடம் முடிஞ்சது. எனக்குத்தான் முடியலை.

2009 ஜனவரி 7-ல அதன் தலைவர் ராமலிங்க ராஜு கடிதம் எழுதி ஒத்துக்கிட்டார். ரொக்கம், பேங்க் இருப்புன்னு காட்டின தொகையில 5,040 கோடி ரூபாய் வெறும் காத்து. சரி, இந்தப் பொய் முதல்ல யார் கண்ணுல பட்டிருக்கும்? வருஷத்துக்கு சில வாரம் வந்து போற ஆடிட்டர் கண்ணுலயா, தினமும் உள்ளே உக்காந்து எண்ட்ரி போடறவங்க கண்ணுலயா? 2015 ஏப்ரல்ல ஹைதராபாத் கோர்ட் குற்றவாளின்னு சொன்ன 10 பேர்ல வெளி ஆடிட்டர்கள் 2 பேர்தான். உள் தணிக்கைத் தலைவரும் நிதித் துறை ஆட்களும் அந்த லிஸ்ட்ல உண்டு. (அடுத்த மாசமே மேல்முறையீட்டில் தண்டனை நிறுத்தி வைக்கப்பட்டது வேற விஷயம்.)

அப்புறம் வந்த 2013 கம்பெனிகள் சட்டம் என்ன செஞ்சது? பிரிவு 143(12) படி, 1 கோடி ரூபாயோ அதுக்கு மேலயோ மோசடின்னு தெரிஞ்சா வெளி ஆடிட்டர் மத்திய அரசுக்குச் சொல்லியே ஆகணும். நல்லெண்ணத்தோட சொன்னா கடமை தவறினதா ஆகாதுன்னு 143(13) காப்பாத்துது. கடமையும் உண்டு, குடையும் உண்டு. நல்லது.

சம்பளத்துக்கு இருக்கிறவனுக்கு? 1949 சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட்ஸ் சட்டத்தோட இரண்டாம் அட்டவணையைப் பாருங்க. வேலை பார்க்கிற சி.ஏ. கம்பெனி ரகசியத்தை வெளியே சொன்னா தொழில் ஒழுங்கீனம். சட்டம் கேட்டாலோ, முதலாளி அனுமதிச்சாலோ மட்டும் சொல்லலாமாம். 143(12) இவனைக் கேட்கலை. அப்போ மிச்சம் இருக்கறது முதலாளி அனுமதி. திருடன் கையில சாவி!

'பிரிவு 177-ல புகார் சொல்ல வழி இருக்கே'ம்பீங்க. அது லிஸ்டட் கம்பெனிக்கும் இன்னும் சில வகைக்கும் மட்டும். புகார் போறதும் அதே போர்டு ஆட்கள்கிட்டதான்.

எங்க தெரு அக்கா ஒருத்தர் ஒரு கம்பெனியில அக்கவுண்ட்ஸ் பார்க்கறாங்க. ஏப்ரல் பில்லுக்கு மார்ச் தேதி போடச் சொல்லியிருக்காங்க. வீட்டுக் கடன் இருக்கு, போட்டுட்டாங்க. 'தப்புன்னு தெரியும்டா, ஆனா யார்கிட்ட போய்ச் சொல்ல?'ன்னு கேட்டாங்க. என்கிட்ட பதில் இல்லை.

நேர்மையா இருன்னு வகுப்பெடுக்கறது சுலபம். வெளி ஆடிட்டருக்குக் கொடுத்த அதே கடமையையும் அதே பாதுகாப்பையும் உள்ளே இருக்கிறவங்களுக்கும் சட்டத்துல எழுதுங்க. அப்புறம் அவங்ககிட்ட நேர்மை பத்திப் பேசலாம்.

நம்ம வகுப்புல எத்தனை பேர் ஆடிட்டர் ஆவோமோ தெரியாது. பாதிப் பேருக்கு மேல அந்த அக்கா நாற்காலியிலதான் உக்காரப் போறோம்.