தலையாட்டினால் புரிந்ததாகுமா?

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., விலங்கியல் மாணவி

மனிதன் பேசக் கற்ற நாளிலிருந்தே ஒரு பொய்யான நம்பிக்கையும் அவனோடு சேர்ந்து வளர்ந்து வந்திருக்கிறது. "நான் சொல்லிவிட்டேன், ஆகவே அவனுக்குத் தெரிந்துவிட்டது" என்பதுதான் அது. ஊராட்சிச் சுவரில் ஒட்டப்படும் சுவரொட்டிக்குப் பின்னாலும், மருந்துச் சீட்டுக்குப் பின்னாலும், ஏன், வகுப்பறைக் கரும்பலகைக்குப் பின்னாலும் இந்த நம்பிக்கைதான் நிற்கிறது. சொல்லுதல் வேறு, சென்று சேர்தல் வேறு. இரண்டுக்கும் இடையே உள்ள தூரத்தைக் கடக்க வேண்டியவர் யார்? கேட்பவரா, சொல்பவரா? சொல்பவரே என்பது என் கருத்து. அதற்கான காரணங்களை இக்கட்டுரையில் எடுத்துரைக்க விரும்புகிறேன்.

நம் முன்னோர் இதை அறியாதவர்கள் அல்லர். திருக்குறளில் "குறிப்பறிதல்" என்ற தலைப்பில் ஓர் அதிகாரம் அல்ல, இரண்டு அதிகாரங்கள் இருக்கின்றன. எழுபத்தொன்றாவது அதிகாரம் பொருட்பாலில் வருகிறது. நூற்றுப்பத்தாவது காமத்துப்பாலில் வருகிறது. அரசவையில் நிற்பவனுக்கும் காதலில் நிற்பவனுக்கும் ஒரே கல்வி தேவை என்று வள்ளுவர் கருதினார் போலும்! தொல்காப்பியமோ மெய்ப்பாட்டியல் என்றே ஓர் இயலை ஒதுக்கி, நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என உள்ளத்தில் எழுந்து உடலில் தோன்றும் எட்டையும் வகுத்துக் காட்டுகிறது. வாய் பேசாததை உடல் பேசும் என்பது நமக்குப் புதிய செய்தி அன்று.

ஆனால் இந்த உண்மையை இன்று சிலர் கடைச்சரக்காக்கி விட்டார்கள். ஆளுமை வளர்ச்சிச் சொற்பொழிவுகளில் ஒரு கணக்கை நம்மில் பலர் கேட்டிருப்போம். "மனிதன் தெரிவிப்பதில் சொல்லுக்கு 7 விழுக்காடு, குரலுக்கு 38 விழுக்காடு, முகத்துக்கும் உடலுக்கும் 55 விழுக்காடு" என்பதே அது. இந்த எண்கள் ஆல்பர்ட் மெஹ்ரபியன் என்ற உளவியல் பேராசிரியர் 1967-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வுகளிலிருந்து எடுக்கப்பட்டவை. அவர் ஆராய்ந்தது என்ன? ஒற்றைச் சொற்களைப் பல்வேறு குரலில் ஒலிக்கச் செய்து, முகப் படங்களையும் காட்டி, பேசுபவருக்கு நம்மேல் விருப்பா வெறுப்பா என்று கேட்டவர்கள் எதை வைத்து முடிவு செய்தார்கள் என்பதைத்தான் ஆராய்ந்தார். சொல்லும் முகமும் முரண்படும்போது மக்கள் முகத்தை நம்புகிறார்கள் என்பதே அதன் சாரம். எல்லாப் பேச்சுக்கும் அந்தக் கணக்கு பொருந்தும் என்று அவரே சொல்லவில்லை. சொல்லுக்கு 7 விழுக்காடுதான் என்றால் நம் பேராசிரியர்கள் பாடத்தைச் சொல்லாமல் முகத்தாலேயே நடத்திவிடலாமே! நான் வற்புறுத்துவது சொல்லை விட்டு உடலைப் பார்க்க வேண்டும் என்பதை அன்று. சொல்லைச் சொல்லிவிட்டு, அது எங்கே போய் விழுந்தது என்பதை உடலில் பார்க்க வேண்டும் என்பதைத்தான்.

நான் வசிப்பது கோரிமேட்டில். எங்கள் பகுதியைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஜிப்மர் இருக்கும் இடம் என்றால் விழுப்புரத்திலும் கடலூரிலும் திருவண்ணாமலையிலும்கூடத் தெரியும். விடியுமுன்பே பேருந்துகள் வந்து நிற்கும். கையில் மஞ்சள் பையும் பழைய சீட்டுகளுமாகக் குடும்பம் குடும்பமாக மக்கள் இறங்குவார்கள். அவர்கள் வழி கேட்பதைக் கவனித்திருக்கிறீர்களா? பெரும்பாலும் வாய் திறந்து கேட்பதில்லை. சீட்டை நீட்டுவார்கள். நாம் அதை வாங்கிப் படிக்கும்போது நம் முகத்தையே பார்ப்பார்கள். நம் புருவம் சற்றுச் சுருங்கினால் அவர்கள் கை நடுங்கும். சீட்டில் எழுதியிருப்பது அவர்களுக்குத் தெரியாது. ஆனால் படிப்பவர் முகத்தைப் படிக்க அவர்களுக்குத் தெரியும். எழுத்தறியாதவர் என்று நாம் யாரைச் சொல்கிறோமோ, அவர்களே முகமறிவதில் நம்மைவிடத் தேர்ந்தவர்கள்.

எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பா கொத்து வேலை செய்கிறார். ஆகவே எங்கள் தெருவில் ரேஷன் தாளோ, வங்கிக் கடிதமோ, மருந்துச் சீட்டோ எது வந்தாலும் என்னிடம்தான் வரும். இந்தப் பணி எனக்குக் கற்பித்த பாடம் எந்தப் பாடநூலிலும் இல்லை.

என் ஆயாவை ஒரு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். எந்த மருத்துவமனை என்பது இங்கே முக்கியம் அன்று. மருத்துவர் பொறுமையானவர்தான்; ஆயினும் வெளியே நீண்ட வரிசை. அவர் சொன்ன ஒவ்வொன்றுக்கும் ஆயா "சரிங்க ஐயா, சரிங்க ஐயா" என்று தலையாட்டினார். வெளியே வந்ததும் என் கையைப் பிடித்து, "இன்னாம்மா சொன்னாரு?" என்று கேட்டார். காலையும் இரவும் சாப்பிட்ட பிறகு மாத்திரை போட வேண்டும் என்று நான் விளக்கிச் சொன்னேன். அதற்கும் தலையாட்டினார். பத்து நாள் கழித்துப் பார்த்தால் இரவு மாத்திரை தீர்ந்திருந்தது. காலை மாத்திரை அப்படியே இருந்தது. "ஏன் ஆயா போடலே?" என்றேன். "காலையிலே நான் எங்கே சாப்புடறேன்? கூழுதானே குடிக்கறேன்?" என்றார்.

இதில் ஆயாவின் அறியாமை எங்கே இருக்கிறது? அவருடைய மொழியில் சாப்பாடு என்றால் சோறு. கூழ் குடிப்பது சாப்பிடுவது ஆகாது. சொல்லப்பட்டதை அவர் எழுத்துப் பிசகாமல் கடைப்பிடித்தார். மருத்துவர் சொன்னதும் சரி. ஆயா செய்ததும் சரி. இடையில் ஒரு சொல் வழுக்கி விழுந்தது. அதைக் கண்டுபிடிக்க ஒரே ஒரு கேள்வி போதும்: "காலையில் மாத்திரையை எப்போது போடுவீர்கள், சொல்லுங்கள் பார்ப்போம்?" அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டிய கடமை சொல்பவருடையது.

நம் தலையாட்டலுக்குப் பல பொருள் உண்டு. "புரிந்தது" என்பது அவற்றுள் ஒன்று மட்டுமே. "நீங்கள் பெரியவர், உங்களை எதிர்த்துப் பேசமாட்டேன்" என்பது இன்னொன்று. "விட்டால் போதும், போகிறேன்" என்பது மற்றொன்று. உயர்ந்த நாற்காலியில் அமர்ந்திருப்பவருக்கு இவை எல்லாம் ஒன்றுபோலவே தெரியும்.

தனி மனிதருக்குள்ளேயே இத்தனை சிக்கல் என்றால், இலட்சக்கணக்கான மக்களுக்கு ஒரு செய்தியைச் சொல்லும் பிரசாரங்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். இதற்கும் நல்ல சான்று நம் அருகிலேயே இருக்கிறது. கொசுக்களால் பரவும் நோய்களை ஆராயும் நோய்ப்பரப்பிக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் 1975-ஆம் ஆண்டு புதுச்சேரியில் தொடங்கப்பட்டு, இன்று எங்கள் கோரிமேட்டிலேயே இயங்குகிறது. புதுச்சேரியை நெடுங்காலம் வாட்டிய யானைக்கால் நோயைப் பற்றி விலங்கியல் மாணவர்கள் படித்திருப்பீர்கள். சாக்கடை நீரில் பெருகும் கியூலெக்ஸ் கொசுவே அதைப் பரப்புவது. அந்தப் புழுவின் குஞ்சுகள் இரவில்தான் மனிதனின் புற இரத்தத்தில் மிகுதியாகத் தோன்றும். ஆகவே சோதனைக்கு இரவில் இரத்தம் எடுக்க வேண்டும். அறிவியல் முறையில் இது சரியே. ஆனால் வீட்டுக்காரரின் இடத்தில் இருந்து பாருங்கள். ஊர் அடங்கிய நேரத்தில் அறிமுகமில்லாதவர் ஊசியோடு வந்து கதவைத் தட்டுகிறார். கதவு திறக்குமா? ஏன் இரவில் வருகிறார்கள் என்ற ஒரு செய்தி பகலிலேயே அந்த வீட்டுக்குள் போயிருந்தால்தான் திறக்கும்.

2004-ஆம் ஆண்டு முதல் இந்நோய் உள்ள மாவட்டங்களில் ஆண்டுக்கு ஒருமுறை எல்லோருக்கும் டி.இ.சி. மாத்திரை வழங்கும் திட்டம் நாடெங்கும் நடைமுறைக்கு வந்தது. அதிலே கண்ட பெரிய இடர்ப்பாடு என்ன தெரியுமா? மாத்திரை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. வயிற்றுக்குப் போய்ச் சேரவில்லை! வாங்கியவர்கள் தலையாட்டி வாங்கினார்கள்; மாடத்தில் வைத்துவிட்டார்கள். "எனக்குத்தான் கால் வீங்கவில்லையே, நான் ஏன் விழுங்க வேண்டும்?" என்பது அவர்கள் மனத்தில் இருந்த கேள்வி. வீக்கமில்லாதவர் உடம்பிலும் புழு இருக்கலாம் என்ற விளக்கம் மாத்திரையோடு சேர்ந்து போகவில்லை. எத்தனை மாத்திரை கொடுத்தோம் என்று எண்ணுவது எளிது. எத்தனை பேர் விழுங்கினார்கள் என்று எண்ணுவது கடினம். நம் பிரசாரங்களுள் பல எளிதானதையே எண்ணிக் கணக்குக் காட்டிவிடுகின்றன.

இதே ஆராய்ச்சி மையத்தார் கேரளத்தின் சேர்த்தலையில் 1980-களின் பிற்பாதியில் செய்த பணி வேறு வழியைக் காட்டுகிறது. அங்கே யானைக்கால் நோயைப் பரப்பியது மான்சோனியா என்னும் கொசு. குளத்தில் மிதக்கும் ஆகாயத்தாமரையின் வேரைப் பற்றிக்கொண்டு அதன் புழுக்கள் மூச்சு விடும். செடியை அகற்றினால் கொசு ஒழியும். ஆனால் அந்தச் செடி தென்னைக்கு உரமாகும் என்று மக்கள் அதை வைத்திருந்தார்கள். "செடியைப் பிடுங்குங்கள்" என்று மட்டும் சொல்லியிருந்தால் தலையாட்டல்தான் மிஞ்சியிருக்கும். செடியை எடுத்த குளத்தில் மீன் வளர்க்கச் சொல்லிக் கொடுத்தார்கள். மாணவர்களையும் பணியில் சேர்த்துக்கொண்டார்கள். நோயைப் பற்றிய செய்தி வருமானத்தோடு சேர்ந்து வீட்டுக்குள் நுழைந்தது. கேட்பவர் ஏன் இப்படிச் செய்கிறார் என்று முதலில் கேட்டறிந்ததன் பயன் அது.

நம் கடற்கரை இன்னொரு பாடத்தைத் தருகிறது. 1998-ஆம் ஆண்டு எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரிக் கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. வீராம்பட்டினத்தில் கடல் அலையின் உயரம் பற்றிய முன்னறிவிப்பைக் கணிப்பொறியில் பெற்று ஒலிபெருக்கியில் மீனவர்களுக்குச் சொன்னார்கள். நல்லவாடு கிராமத்திலும் அத்தகைய ஒலிபெருக்கி இருந்தது. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. சிங்கப்பூரில் இருந்த அவ்வூர் இளைஞர் ஒருவர், ஆழிப்பேரலை பற்றிய செய்தியை அறிந்து வீட்டுக்குத் தொலைபேசியில் கூறினார். ஊரார் பூட்டிக் கிடந்த மையத்தின் கதவை உடைத்து ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். ஏறத்தாழ 3,600 பேர் வாழும் ஊரில் உயிர்கள் காக்கப்பட்டன. படகுகள் போயின, வீடுகள் இடிந்தன, மக்கள் பிழைத்தார்கள்.

காப்பாற்றியது தொலைபேசியா, ஒலிபெருக்கியா? இரண்டும்தான். ஆனால் அவற்றுக்கும் மேலான ஒன்று உண்டு. அந்த ஒலிபெருக்கி நாள்தோறும் மீனவருக்குப் பயன்படும் செய்தியைச் சொல்லி வந்த ஒன்று. அதை நம்பலாம் என்று ஊர் ஏற்கெனவே அறிந்திருந்தது. ஆபத்து நாளில் நம்பிக்கையை உண்டாக்க நேரம் இருக்காது. சாதாரண நாட்களில் சேர்த்து வைத்ததைத்தான் அன்று செலவழிக்க முடியும்.

செய்தியைச் சொல்பவர் யார், அவரை ஊர் எங்கே நிறுத்துகிறது என்பதும் கவனிக்கத்தக்கது. தண்டோரா போடும் வழக்கத்தைக் கைவிட வேண்டும் என்று தமிழக அரசின் தலைமைச் செயலாளர் 2022-ஆம் ஆண்டு மாவட்ட ஆட்சியர்களுக்கு எழுதினார். வாகனங்களில் ஒலிபெருக்கி கட்டி அறிவிக்கலாம் என்றும் கூறினார். பழைமை போகிறதே என்று சிலர் வருந்தினர். எனக்கு வருத்தமில்லை. ஊருக்கெல்லாம் செய்தியைச் சுமந்தவனைத் தெருமுனையிலேயே நிறுத்தி, அவன் குடும்பத்தை மட்டும் பிறப்பைக் காட்டி அந்த வேலைக்குக் கட்டிப்போட்ட ஒரு முறையில், செய்தி போயிருக்கலாம், மரியாதை போகவில்லை. ஒருவழியாக மட்டுமே பேசும் எந்த அமைப்பிலும் இந்த மேடு பள்ளம் இருக்கும்.

"எல்லாரும் படித்துவிட்டால் இந்தக் குறை தீர்ந்துவிடும்" என்று நண்பர்கள் சொல்லக்கூடும். அப்படியானால் நம் வகுப்பறையைப் பாருங்கள். நாமெல்லாம் படித்தவர்கள்தாமே? தமிழ் வழியில் பயின்று வந்த நம்மில் பலர் முதலாண்டில் ஆங்கிலப் பாடத்தின் முன் எப்படி அமர்ந்திருந்தோம்? "புரிகிறதா?" என்று பேராசிரியர் கேட்டதும் அறுபது தலைகளும் ஆடவில்லையா? ஆயாவின் தலையாட்டலுக்கும் நம் தலையாட்டலுக்கும் என்ன வேறுபாடு? அச்சம் ஒன்றுதான், நாற்காலிதான் வேறு. மதிப்பிற்குரிய பேராசிரியர்களைப் பணிவோடு வேண்டிக்கொள்கிறேன்: "புரிகிறதா?" என்ற கேள்விக்கு "ஆம்" என்பதைத் தவிர வேறு விடை சொல்லும் துணிவு எங்களில் பலருக்கு இன்னும் வரவில்லை. அதற்குப் பதிலாக, "நீ உன் சொற்களில் சொல்லு" என்று கேளுங்கள். தமிழில் சொன்னாலும் ஏற்றுக்கொள்ளுங்கள்.

மாணவ நண்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்குப் போகிறோம். பதாகை பிடித்து ஊர்வலம் வருகிறோம், முழக்கம் இடுகிறோம், திரும்பிவிடுகிறோம். அடுத்த முகாமில் முதல் நாளை முழக்கத்துக்கு அல்லாமல் கேட்பதற்கு ஒதுக்குவோம். திண்ணையில் அமர்ந்து, அவர்கள் எதைச் சாப்பாடு என்கிறார்கள், எதைக் காய்ச்சல் என்கிறார்கள், யார் பேச்சை நம்புகிறார்கள் என்று கேட்டு எழுதி வருவோம். நாம் சொன்னதை ஒருவராவது தம் சொற்களில் திருப்பிச் சொன்னால்தான் அந்த வீட்டில் நம் வேலை முடிந்தது என்று கொள்வோம்.

நம்மைப்போல் முதல் தலைமுறையாகப் படிக்க வந்தவர்களுக்கு இதில் தனிப் பொறுப்பு உண்டு. சீட்டின் மொழியும் நமக்குத் தெரியும். கூழின் மொழியும் தெரியும். பட்டம் வாங்கியதும் முதல் மொழியை வைத்துக்கொண்டு இரண்டாவதை மறந்துவிட்டால், நாட்டுக்கு இன்னும் ஓர் அதிகாரி கிடைப்பார். பாலம் ஒன்று குறைந்துபோகும். நாளை நம்மில் சிலர் மருந்துக் கடையிலும், வங்கியிலும், வகுப்பறையிலும், அரசு அலுவலகத்திலும் மேசைக்கு அந்தப் பக்கம் அமரப் போகிறோம். நம் முன்னாலும் ஒருவர் நின்று "சரிங்க" என்று தலையாட்டுவார். அப்போது எழுந்து நின்று, இன்னொரு முறை மெதுவாகக் கேட்கும் மனம் நமக்கு வேண்டும். கல்வியின் பயன் அதுவே என்று நம்புகிறேன்.