எழுபது வயதும் வாடகை ஸ்கூட்டரும்: எந்த விதி தடுக்கிறது?

எழுபது தாண்டிய ஒருவன் வாடகைக்கு ஒரு ஸ்கூட்டர் எடுத்துக்கொண்டு, தன்னந்தனியாகத் தமிழக-கேரள எல்லையோரம் சுற்றலாமா? சுற்றலாம். உடம்பு இடம் கொடுக்கும் வரை சுற்றத்தான் வேண்டும் என்பது என் கட்சி. இதைச் சொன்னால் வீட்டில் முகம் சுளிக்கிறார்கள், டீக்கடையில் சிரிக்கிறார்கள். முப்பத்துச் சொச்சம் வருஷம் அரசு அலுவலகத்தில் எழுத்தராகக் கோப்பு கட்டியவன் நான். யாராவது "கூடாது" என்றால் "எந்த விதிப்படி?" என்று கேட்டே பழகிப்போச்சு. இதையும் அப்படியே கேட்டுப் பார்ப்போம்.

முதலில் சட்டம். 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம், 2019-ல் திருத்தப்பட்டபடி, என்ன சொல்கிறது? சொந்த உபயோகத்துக்கான ஓட்டுநர் உரிமத்தை 55 வயதுக்கு மேல் புதுப்பித்தால் 5 வருஷத்துக்குச் செல்லும். அது முடிந்ததும் மருத்துவச் சான்றோடு மறுபடி புதுப்பிக்க வேண்டும். அவ்வளவுதான். இத்தனை வயதோடு நிறுத்து என்று அதில் எங்குமே இல்லை. கண்ணும் கையும் சரியாக இருக்கிறதா என்றுதான் சட்டம் பார்க்கிறது. தலை நரைத்திருக்கிறதா என்று பார்க்கவில்லை.

வாடகை வண்டிக்கும் விதி உண்டு. மோட்டார் சைக்கிளை வாடகைக்கு விடுவதற்கென்றே மத்திய அரசு 1997-ல் ஒரு திட்டம் கொண்டுவந்தது. அதன்படி உரிமம் வாங்கியவர்தான் வாடகைக்கு விடலாம். அந்த வண்டிகளில் நம்பர் பிளேட் கறுப்பாகவும் எழுத்து மஞ்சளாகவும் இருக்கும். கோவா போய் வந்தவர்கள் பார்த்திருப்பீர்கள். வெள்ளைப் பிளேட்டில் கறுப்பு எழுத்து என்றால் அது சொந்த வண்டி. அதை வாடகைக்கு விடுவது சட்டப்படி சரியில்லை. ஏதாவது ஆகிவிட்டால் காப்பீட்டுக்காரர் கையை விரிக்க அதுவே போதும்.

இனி நடப்பைக் கேளுங்கள். நான் முதலில் போன கடை முறையாக உரிமம் வாங்கிய கடை. அங்கிருந்த பையன் என் உரிமத்தை வாங்கிப் பிறந்த தேதியைப் பார்த்தான்.

"தாத்தா, அறுபது தாண்டினவங்களுக்கு நாங்க வண்டி குடுக்கிறதில்ல."

"எந்த விதிப்படி தம்பி?"

"விதியெல்லாம் இல்ல தாத்தா. ஓனர் சொல்லியிருக்காரு."

இரண்டாவது ஒருவர் உரிமத்தைக் கேட்கக்கூட இல்லை. "எடுத்துட்டுப் போங்க அண்ணாச்சி, சாயங்காலம் விட்டுருங்க" என்று சாவியை நீட்டினார். வெள்ளைப் பிளேட். வேண்டாம் என்று வந்துவிட்டேன். இதுதான் என் ஆத்திரத்துக்குக் காரணம். விதிப்படி நடப்பவர் வயதைக் காட்டித் தள்ளுகிறார். விதியை மீறுபவர் வாசலில் நின்று வரவேற்கிறார். கிழவனைக் காப்பாற்றுகிறேன் என்று சொல்லி, காப்பீடு இல்லாத வண்டியில் அவனை ஏற்றிவிடுவதற்குப் பெயர் பாதுகாப்பா?

மூன்றாவது கடைக்காரர் ஒரு காரியம் செய்தார். "சார், தெருமுனை வரைக்கும் ஒரு சுத்து ஓட்டிக் காட்டுங்க" என்றார். ஓட்டினேன். பிரேக் பிடிப்பதையும் திருப்புவதையும் பார்த்துவிட்டுக் கறுப்புப் பிளேட் வண்டியைக் கொடுத்தார். பிழைப்புக்காகக் கடை நடத்தும் அவருக்குத் தெரிந்த நியாயம் மற்றவருக்கு ஏன் தெரியவில்லை?

"சொந்த வண்டியிலேயே போகலாமே, வாடகை எதற்கு?" என்று கேட்பீர்கள். ராயகிரியில் எங்கள் வீட்டு மாடியில் நின்றால் மேற்கே மலை. மலைக்கு அந்தப் பக்கம் கேரளம். ஆனால் சாலை வழியாகப் போக வேண்டுமானால் சிவகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடி, கடையநல்லூர், தென்காசி, செங்கோட்டை என்று மலையடிவாரத்தோடு தெற்கே இறங்கி, புளியரையில் ஏற வேண்டும். லாரிகளுக்கு நடுவே அவ்வளவு தூரம் ஓட்டி இடுப்பை ஒடித்துக்கொண்டு, அப்புறம் மலை ஏறுவது புத்திசாலித்தனமா? அலுப்பான தூரத்தைப் பஸ்ஸுக்கு விட்டுவிட்டு, பார்க்க வேண்டிய தூரத்துக்கு மட்டும் ஸ்கூட்டர் எடுப்பதுதான் வயசாளிக்கு ஏற்ற கணக்கு.

"அப்பா, கார் பிடிச்சுப் போங்க" என்கிறான் மகன். காரில் போனால் எல்லை என்பது ஒரு பெயர்ப்பலகை. கண்ணாடிக்கு வெளியே வந்து போய்விடும். ஸ்கூட்டரில் போகிறவன் நினைத்த இடத்தில் காலை ஊன்றி நிற்கலாம். பகவதிபுரம் ஸ்டேஷனில் நிற்கலாம். தமிழ்நாட்டுப் பக்கம் கடைசி ஸ்டேஷன் அதுதான். புளியரையில் டீ குடித்துக்கொண்டே இரண்டு பாஷையும் ஒரே வாக்கியத்தில் கலப்பதைக் கேட்கலாம். ஆரியங்காவு சாஸ்தா கோயிலில் கொஞ்சம் உட்காரலாம். மலையாள நாட்டுச் சாஸ்தாவுக்கு நடக்கும் திருக்கல்யாணத்தில் பெண் வீட்டார் மதுரைச் சௌராஷ்டிரர்கள்! இன்னும் கீழே இறங்கினால் கழுதுருட்டிக்கு அருகில் பதின்மூன்று கண் ரயில் பாலம். 1904-ல் மீட்டர் கேஜ் ரயில் ஓடத் தொடங்கிய பாதை அது. 2010-ல் நிறுத்தி, அகலப்பாதையாக்கி, 2018-ல் மறுபடி திறந்தார்கள். அந்த எட்டு வருஷம் இரண்டு பக்கமும் எவ்வளவு சிரமப்பட்டார்கள் என்பதைக் காரிலிருந்து இறங்காதவனிடம் யார் சொல்லப்போகிறார்கள்?

எல்லைமேல் எனக்கு இவ்வளவு பிடிப்பு வந்ததற்குக் காரணம் உண்டு. நான் காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன்; ராயகிரி என் மனைவியின் ஊர். சுற்றிலும் தஞ்சாவூர் ஜில்லா, நடுவில் நாங்கள் மட்டும் வேறு ஆட்சி. காரைக்கால் உள்ளிட்ட பிரெஞ்சுப் பகுதிகளின் நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது 1954 நவம்பர் 1. திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்த செங்கோட்டை சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது 1956 நவம்பர் 1. அதே தேதி, இரண்டு வருஷ இடைவெளி. செங்கோட்டையில் என்னைவிட மூத்தவர்கள் சக்கரம் என்ற திருவிதாங்கூர்க் காசைக் கையில் வைத்திருந்தவர்கள். பேச்சுக் கொடுத்தால் மணிக்கணக்காகச் சொல்வார்கள்.

வாஞ்சிநாதனையே எடுத்துக்கொள்ளுங்கள். 1911 ஜூன் 17-ல் மணியாச்சியில் ஆஷைச் சுட்டவர் என்று எல்லாருக்கும் தெரியும். அவர் பிறந்த செங்கோட்டை அன்று திருவிதாங்கூர் சமஸ்தானம். அவர் வேலை பார்த்தது மலைக்கு அந்தப் பக்கம் புனலூரில், வனத்துறையில். அவர் தேடிப்போனது பிரெஞ்சுப் புதுச்சேரியில் இருந்த வ.வே.சு. ஐயரை. சுட்டது பிரிட்டிஷ் எல்லைக்குள். ஒரு மனிதனின் கதையில் மூன்று ஆட்சிகள்! செங்கோட்டையிலிருந்து புனலூர் வரை மெதுவாக ஒரு தரம் போய்வந்தால்தான் இது பாடப்புத்தகத்திலிருந்து இறங்கி மண்ணில் நிற்கும்.

தாய்லாந்தின் மே ஹோங் சோன் மலைகளிலும், சீன எல்லையை ஒட்டிய வியட்நாமின் ஹா ஜியாங்கிலும் உலகம் முழுவதிலிருந்தும் ஆட்கள் வந்து வாடகை மோட்டார் சைக்கிளில் சுற்றுகிறார்கள். அதை நம்மவர்கள் கைபேசியில் பார்த்து வாயைப் பிளக்கிறார்கள். நம் வீட்டுக் கொல்லையில் ஆரியங்காவுக் கணவாய் இருக்கிறது. குற்றாலத்தில் சீசன் காலத்தில் சாரல் தெறிப்பதே அதன் வழியாக வரும் காற்றால்தான். ஆனால் நாம் அருவியில் குளித்து, அல்வா வாங்கி, வேனில் ஏறிவிடுகிறோம்.

ஆபத்தே இல்லை என்று நான் சொல்லவில்லை. புளியரை எஸ் வளைவில் பாரம் ஏற்றிய லாரிகளைப் பார்த்தவன் அப்படிச் சொல்ல மாட்டான். ஆடி மாசக் காற்று ஸ்கூட்டரைப் பக்கவாட்டில் தள்ளும். மேக்கரை வழியாக அச்சன்கோவில் போகிற காட்டுப் பாதையில் பொழுது சாய்ந்தபின் யாருக்கும் வேலையில்லை. அதனால் இருட்டுவதற்குள் திரும்புகிறேன், மழையில் எடுப்பதில்லை, நல்ல ஹெல்மெட் போடுகிறேன், எங்கே இருக்கிறேன் என்று இரண்டு மணிக்கு ஒரு தரம் வீட்டுக்குச் சொல்கிறேன். இருபது வயதில் மூன்று பேரை ஏற்றிக்கொண்டு பறக்கிறவனுக்குக் கேள்வி கேட்காமல் வண்டி கொடுக்கிறீர்களே, ஆபத்து யாரிடம்?

நான் கேட்பது பெரிய சலுகை அல்ல. தென்காசி, செங்கோட்டை ரயில் நிலையங்களுக்குப் பக்கத்தில் முறையான கறுப்புப் பிளேட் வாடகை ஸ்கூட்டர் கிடைக்கட்டும். எல்லை தாண்டலாமா கூடாதா என்பதைக் கடைக்காரர் முன்கூட்டியே எழுத்தில் கொடுக்கட்டும். வெள்ளைப் பிளேட் வியாபாரத்தைப் போக்குவரத்துத் துறை நிறுத்தட்டும். வயதைப் பார்த்து மறுக்காமல், அந்த மூன்றாவது மனிதர் போல ஓட்டச் சொல்லிப் பார்த்து முடிவு செய்யட்டும். ஓட்டத் தெரியவில்லை என்றால் என்னைத் தாராளமாகத் திருப்பி அனுப்பலாம், கோபிக்க மாட்டேன்.

வாசிக்கும் நண்பர்களில் என் வயதுக்காரர்கள் அதிகம் என்று தெரியும். உரிமம் காலாவதி ஆகிவிட்டதா என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். ஆகியிருந்தால் டாக்டரைப் பார்த்துவிட்டுப் புதுப்பியுங்கள். டாக்டர் வேண்டாம் என்றால் அதற்குக் கட்டுப்படுங்கள். அவர் சரி என்றால், தை பிறந்து மழை ஓய்ந்ததும் ஒரு நாள் செங்கோட்டைக்குப் பஸ் ஏறுங்கள். யாராவது கூடாது என்றால் எந்த விதிப்படி என்று மரியாதையாகக் கேளுங்கள். பதில் வராது.