குர்பானி ஆட்டுக்குச் சோறு வைக்காதீர்கள்



துல்ஹஜ் பிறை தென்பட்டதும் தரங்கம்பாடியிலும் பொறையாற்றிலும் நம் வீட்டுத் திண்ணைகளில் ஆடுகள் வந்து இறங்குகின்றன. பிள்ளைகள் மாலை போடுகிறார்கள், கொம்புக்குச் சாயம் பூசுகிறார்கள், படமெடுத்து உறவினர்களின் வாட்ஸ்அப் குழுக்களுக்கு அனுப்புகிறார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை. அந்த ஆட்டின் முன் வைக்கப்படும் சட்டியைப் பார்க்கும்போதுதான் மனம் பதறுகிறது. வடித்த சோறு, நெய்ச்சோற்றின் மிச்சம், ஊறவைத்த அரிசி, ரொட்டி, தாறுமாறாக வாழைப்பழம். கேட்டால், "குர்பானி ஆடாச்சே உஸ்தாத், வயிறாரச் சாப்பிடட்டும்" என்கிறார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன், எங்கள் மதரஸாவில் ஓதும் சிறுவன் ஒருவனின் வீட்டில் இதே அன்புதான் ஓர் ஆட்டைக் கொன்றது. வாப்பா வெளிநாட்டில் உழைத்து அனுப்பிய பணத்தில் வாங்கிய கிடா. பெருநாளுக்கு இரண்டு இரவுகள் முன்பு, பக்கத்தில் நடந்த விருந்தில் மிஞ்சிய நெய்ச்சோற்றை ஒரு பெரிய சட்டி நிறைய அதன் முன் வைத்தார்கள். இஷாவுக்குள் சட்டி காலி. நள்ளிரவில் ஆடு படுப்பதும் எழுவதுமாகத் தவித்தது. இடப்பக்க விலா மத்தளம்போல் உப்பியது. யாரோ பெருங்காயத் தண்ணீர் ஊற்றினார்கள், யாரோ சோடா ஊற்றினார்கள். ஃபஜ்ருக்குப் பாங்கு சொல்லும்போது அது இறந்து கிடந்தது. மறுநாள் அந்தப் பிள்ளை என்னிடம் வந்து, "உஸ்தாத், சோறு வச்சது நான்தான். அல்லாஹ் என்னைப் பிடிப்பானா?" என்று கேட்டான். பருவமடையாத பிள்ளைகளின் மீது குற்றம் எழுதப்படாது என்று சொல்லி அனுப்பினேன். ஆனால் பெரியவர்களான நம்மீது எழுதப்படாது என்று எனக்கு யார் சொல்வது?

வீட்டாரோ, "அல்லாஹ்வின் நாட்டம்" என்று முடித்துக்கொண்டார்கள். நாட்டம் அவனுடையதுதான், சட்டி நம்முடையது. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பிறகு அல்லாஹ்வை நம்பச் சொன்ன நபி (ஸல்) அவர்களின் உம்மத், தன் கையால் செய்த பிழையைக் கத்ரின் மீது சுமத்துவது தவக்குல் ஆகாது.

அந்த வயிற்றுக்குள் என்ன நடந்தது என்பதை அறிந்துகொள்ளுங்கள். ஆட்டுக்கும் மாட்டுக்கும் இரைப்பை நான்கு அறைகள் கொண்டது. அவற்றுள் பெரியதான முதல் அறை, புல்லையும் தழையையும் நொதிக்க வைக்கும் ஒரு தொட்டி. அங்கே கோடானுகோடி நுண்ணுயிர்கள் நாரைச் செரிக்கின்றன. அப்போது உண்டாகும் வாயுவை ஆடு ஓயாது ஏப்பமாக வெளியேற்றுகிறது. புதுக்கோட்டை, இராமநாதபுரம் பக்கத்துப் பொட்டல்களில் முள்ளும் தழையும் மேய்ந்து வளர்ந்த ஆட்டுக்குள் இருப்பவை நாருக்குப் பழகிய நுண்ணுயிர்கள். திடீரென்று சோறு வந்து விழுந்தால் அதன் மாவுச்சத்து மிக விரைவாகப் புளித்து, லாக்டிக் அமிலம் பெருகுகிறது. இரைப்பை அசைவை நிறுத்துகிறது, ஏப்பம் நிற்கிறது, வாயு சேர்ந்து நுரையீரலை நெருக்குகிறது. உடலின் நீர் இரைப்பைக்குள் இழுக்கப்படுகிறது. சில மணி நேரத்திலேயே உயிர் போய்விடலாம். புதிய தீனிக்கு அந்த நுண்ணுயிர்கள் பழகவே இரண்டு வாரத்துக்குக் குறையாமல் ஆகும். நாம் ஆட்டை வைத்திருப்பதோ ஐந்து நாள்.

நம் ஊர் விவசாயிகளுக்கு இந்த ஆபத்து புதிதன்று. சம்பா அறுவடைக்குப் பின் விதைத்த உளுந்தும் பயறும் இளசாக, பனி ஈரத்தோடு நிற்கும்போது வெறும் வயிற்று மாட்டை அதில் விடமாட்டார்கள். அது வயிற்றில் நுரையாகப் பொங்கி வாயுவைச் சிறைப்படுத்திவிடும். மாட்டுப் பொங்கல் சமயத்தில் மாடுகளுக்குப் பொங்கலை அளவின்றி ஊட்ட வேண்டாமென்று கால்நடை மருத்துவர்கள் எச்சரிப்பதும் உண்டு. அது அடுத்த வீட்டாருக்குச் சொன்னது என்று நாம் காதை மூடிக்கொள்கிறோம்.

இங்கே ஒரு சகோதரர் ஆதாரத்தோடு வருவார்: "மதீனாவில் ஸஹாபாக்கள் குர்பானிப் பிராணிகளைக் கொழுக்க வைத்தார்களே, புகாரியில் இருக்கிறதே?" உண்மை. அபூ உமாமா இப்னு ஸஹ்ல் (ரலி) அவர்களின் அந்த அறிவிப்பை நானும் பாடத்தில் நடத்துகிறேன். கொழுக்க வைப்பது மாதக்கணக்கில் நடக்கும் பராமரிப்பு. தசையும் கொழுப்பும் ஐந்து இரவில் சேராது. ஐந்து இரவில் சேர்வது வாயு மட்டுமே. வெளிநாடுகளில் பரிசுக்காக மாடுகளைக் காட்சிக்கு நிறுத்துவோர்கூட, விலா நிறைந்து தெரிவதற்காக நார் மிகுந்த தீனியையே கொடுக்கிறார்கள். நடுவர் முன் நிறுத்துவோருக்கு இருக்கும் கவனம், ரப்பின் முன் நிறுத்துவோருக்கு வேண்டாமா?

மஸ்அலாவையும் கவனியுங்கள். வெளிப்படையான நோயுள்ள பிராணி குர்பானிக்குச் செல்லாது என்பது பராஃ இப்னு ஆஸிப் (ரலி) அறிவிக்கும் ஹதீஸில் உள்ளது. பிற்கால அறிஞர் இப்னு உஸைமீன், அளவுமீறித் தின்று வயிறு உப்பிய பிராணியைப் பெயர் சொல்லியே இந்தப் பட்டியலில் சேர்க்கிறார். கழிச்சலாகி ஆபத்து நீங்கும் வரை அது தகுதி பெறாது. சாகும் தறுவாயில் அவசரமாக அறுத்தால், உயிர் இருக்கும்போது அறுத்ததால் இறைச்சி ஹலாலாகலாம். ஆனால் பெருநாள் தொழுகைக்கு முன் அறுத்தது குர்பானி ஆகாது, வெறும் இறைச்சிதான் என்று அபூ புர்தா (ரலி) அவர்களுக்குச் சொல்லப்பட்டது. நேர்ச்சையாக்கிய பிராணி உரியவரின் அலட்சியத்தால் இறந்தால் ஈடு கொடுப்பது கடமை. மாட்டில் கூட்டுச் சேர்ந்திருந்தால் ஒருவர் வைத்த சட்டி ஏழு பேரின் குர்பானியைக் கெடுக்கும்.

எடை கூட்டுவதற்காக உப்பைத் தின்னக் கொடுத்து வயிறு முட்டத் தண்ணீர் காட்டி விற்கும் வியாபாரிகளைப் பற்றி ஒரு வார்த்தை: அது மோசடி. தெரிந்தே வாங்குவோரும் அதற்குத் துணை போகிறார்கள்.

ஆடு வந்திறங்கியதும் நிழலில் கட்டி, முதலில் தண்ணீரும் வைக்கோலும் கொடுங்கள். பிறகு கடலைக்கொடி, பூவரசு இலை, வேப்பிலை. தவிடோ புண்ணாக்கோ கொடுத்தால் ஒரு கைப்பிடி போதும். அரிசிப் பானையையும் மாவுச் சாக்கையும் கயிறு எட்டாத தூரத்தில் வையுங்கள். அறுப்பதற்கு முந்திய இரவு தீனியை நிறுத்தி, தண்ணீரை மட்டும் வையுங்கள்.

இடப்பக்கம் உப்பி, தட்டினால் பறைபோல் ஒலித்தால், வயிற்றை உதைத்தால், கழுத்தை நீட்டி மூச்சு வாங்கினால், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். உடனே 1962 என்ற எண்ணுக்கோ அருகிலுள்ள கால்நடை மருத்துவருக்கோ பேசுங்கள். அவர் வரும் வரை முன்னங்கால்கள் மேட்டில் இருக்கும்படி நிறுத்துங்கள். முடிந்தால் மெல்ல நடத்துங்கள். வாயில் குறுக்காக ஒரு வேப்பங்குச்சியைக் கட்டினால், மென்று எச்சில் ஊறி ஏப்பம் வரும். பச்சைப் பயறு தின்றிருந்தால் ஆட்டுக்கு 50 முதல் 100 மில்லி வரை நல்லெண்ணெய், சோறு தின்றிருந்தால் தண்ணீரில் கரைத்த இரண்டு தேக்கரண்டி சமையல் சோடா. நிற்கும் ஆட்டுக்கு மட்டும், தலையை அண்ணாத்தாமல், சிறிது சிறிதாக. படுத்துவிட்ட ஆட்டின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குப் போய்விடும். வயிற்றைக் கத்தியால் குத்தும் வீரம் வேண்டவே வேண்டாம். துளையிடுவது மருத்துவரின் கருவிக்கும் கைக்கும் உரிய வேலை.

இமாம்களுக்கும் என்னைப் போன்ற உஸ்தாதுமார்களுக்கும் ஒரு வேண்டுகோள். துல்ஹஜ் முதல் ஜும்ஆவில் ஆட்டின் பல்லைப் பற்றியும் கொம்பைப் பற்றியும் அரை மணி நேரம் பேசுகிறோம். அதில் ஐந்து நிமிடத்தை அதன் வயிற்றுக்குக் கொடுங்கள். எங்கள் மதரஸாவில் இந்த ஆண்டு பிறை பார்த்த மறுநாளே பிள்ளைகளிடம் சொல்லி அனுப்பப் போகிறோம். அவர்கள் சொன்னால் வீட்டில் உம்மாமார்கள் கேட்கிறார்கள்.