மார்லினும் நம் வாப்பாமாரும்

2003இல் பிக்சார் நிறுவனம் தயாரித்த 'ஃபைண்டிங் நீமோ'வைச் சிறுவர் படம் என்பர். எனக்கோ அது பெற்றோர் பார்க்க வேண்டிய படமாகவே தெரிகிறது.

கொடிய மீனொன்றுக்கு மனைவியையும் முட்டைகளையும் பறிகொடுத்த மார்லினுக்கு ஒரேயொரு முட்டைதான் மிஞ்சியது. அதில் பிறந்த நீமோவை அவன் கண்ணுக்குள் வைத்தே வளர்க்கிறான். அந்த அச்சத்தைக் கல்முனைக்குடி மக்களுக்கு விளக்கத் தேவையில்லை. 2004 டிசம்பர் 26 காலையில் கடல் நம் உறவுகளைக் கொண்டுபோனது. அன்று தப்பியவர்கள் பிள்ளைகளைப் பொத்தி வளர்த்ததில் குற்றமில்லை.

ஆனால், அளவுமீறிய கட்டுப்பாட்டைப் பொறுக்காமல்தான் நீமோ ஆழ்கடல் பக்கம் போய்ச் சுழியோடியிடம் அகப்படுகிறான். இறுதியில் டோரியும் மற்ற மீன்களும் வலையில் சிக்கியபோது, மார்லின் தயங்கியே மகனைப் போகவிடுகிறான். எல்லோரையும் கீழ்நோக்கி நீந்தச் சொன்ன நீமோவின் யோசனையே அத்தனை உயிர்களையும் மீட்கிறது.

பல்கலைக்கழக அனுமதி கிடைத்தும், "தூரம்" என்ற ஒரு சொல்லால் வீட்டோடு நின்றுவிடும் மாணவியர் நம்மிடையே உண்டு. அன்புப் பெற்றோரே! எங்களைக் காப்பது உங்கள் கடமை. நீந்தக் கற்றுத்தந்தபின் போகவிடுவதும் அக்கடமையில் அடங்கியதே.