கிளறாத பானையில் ஒரு சோறு

"ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்" என்ற பழமொழியை ஆரம்ப வகுப்பிலிருந்தே படித்து வருகிறோம். ஆனால் எனக்குச் சோறு ஆக்கப் பழக்கிய உம்மா அதை அப்படியே ஏற்றுக்கொள்வதில்லை. "மேல இருக்கிற ஒரு சோத்தப் பாத்துட்டு அடுப்ப நிப்பாட்டாத. அகப்பையப் போட்டுக் கிளறிட்டு, ரெண்டு மூணு இடத்துல எடுத்துப் பாரு" என்பார். கொதித்துப் புரண்ட பானையில்தான் ஒரு சோறு முழுப் பானைக்கும் சாட்சி சொல்லும். கிளறாத பானையில் அந்த ஒரு சோறு தன்னைப் பற்றி மட்டுமே சொல்லும். புள்ளிவிபரவியலில் மாதிரி எடுத்தல் என்ற பாடத்தின் சாரமும் இதுவே. அதை நான் ஒரு பிழை செய்த பிறகுதான் விளங்கிக்கொண்டேன். அந்தப் பிழையை இங்கே எழுதுவதன் நோக்கம், இனி ஆய்வு செய்யப் போகும் தங்கைமார் அதைச் செய்யக் கூடாது என்பதே.

கடந்த ஆண்டு தரம் 10, 11 மாணவிகளுக்குப் பாடசாலை விட்ட பின் மாலை 4.00 மணி வரை மேலதிக வகுப்பு நடத்தலாமா என்ற யோசனை வந்தது. பிள்ளைகள் வீடு போய்ச் சேர எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று அறிந்து சொல்லும் பொறுப்பு, உயர்தரத்தில் கணனிப் பாடம் படிக்கும் எங்களிடம் வந்தது. இரண்டு தரங்களிலும் சேர்த்து 320 பேர். நான் ஒரு படிவம் தயாரித்து வகுப்புகளின் வட்ஸ்அப் குழுக்களில் போட்டேன். இரண்டு நாட்களில் 96 பதில்கள் வந்தன. அவற்றை விரிதாளில் இறக்கினேன். வெற்றுக் கலம் ஒன்றில் சமன் குறி போட்டு ஆவரேஜ் சார்பை எழுதி, நிரலைத் தெரிவு செய்து, விசையைத் தட்டினேன். ஒரு கணத்தில் விடை வந்தது: 18.9 நிமிடம்.

நிரலை மேலிருந்து கீழாகப் பார்த்தபோது ஒரு கலத்தில் 105 என்று இருந்தது. ஏனையவை பெரும்பாலும் 10, 15, 20. "10 அல்லது 15 என்று எழுத வந்த பிள்ளை கைதவறி 105 என்று எழுதியிருக்கும்" என்று நானே முடிவு செய்து அந்த நிரையை அழித்தேன். இடை 18 ஆனது. "மாணவிகள் வீடு செல்லச் சராசரியாக 18 நிமிடமே எடுக்கிறது. ஆகவே 4.00 மணி வரை வகுப்பு நடத்துவதில் சிரமம் இல்லை" என்று எழுதி, வர்ணத்தில் ஒரு வரைபும் சேர்த்து ஆசிரியையிடம் கொடுத்தேன்.

அவர் வரைபைப் பார்க்கவில்லை. "மகள், இடாப்பில எத்தனை பேர்? உங்கட தாள்ல எத்தனை பேர்?" என்று கேட்டார். "320, டீச்சர். என்ட தாள்ல 95" என்றேன். "அப்ப மத்த 225 பேரும் யாரு?" என்றார். என்னிடம் பதில் இல்லை. அடுத்து, "96 பதில் வந்தது என்டு சொன்னீங்க. ஒன்டு எங்க?" என்றார். அதற்குப் பதில் இருந்தது. ஆனால் சொல்ல வெட்கமாக இருந்தது.

அந்த 225 பேர் யார் என்பதை யோசித்தால் விடை தெரிந்துவிடும். வீட்டில் ஒரே ஒரு கைபேசி, அதுவும் வாப்பாவோடு வேலைக்குப் போய்விடும் பிள்ளைகள். டேட்டா போட வசதியில்லாத வீடுகள். சமிக்ஞை கிடைக்காத ஊர்களிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவர்கள். வீடு தூரமாக இருப்பதும் படிவம் கைக்கு எட்டாமல் போவதும் பலருக்கு ஒன்றாகவே இருந்தன. யாரைப் பற்றி அறிய வேண்டியிருந்ததோ அவர்களைத் தவிர்த்து, பாடசாலைக்குப் பக்கத்தில் இருப்பவர்களிடமே நான் கேட்டிருக்கிறேன். பானையைக் கிளறவில்லை.

இது எனக்கு மட்டும் நேர்ந்ததல்ல என்பதைப் பிறகு படித்தேன். 1936இல் அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலுக்கு முன் 'லிட்டரரி டைஜஸ்ட்' என்ற சஞ்சிகை ஏறத்தாழ ஒரு கோடிப் பேருக்கு வாக்கு அட்டை அனுப்பிக் கருத்துக் கேட்டது. இருபது இலட்சத்துக்கும் அதிகமானோர் பதில் அனுப்பினர். அதை வைத்து லாண்டன் வெல்வார் என்று அச்சஞ்சிகை எழுதியது. நடந்ததோ வேறு. 48 மாநிலங்களில் 46இல் ரூஸ்வெல்ட் வென்றார். அந்த முகவரிகள் பெருமளவில் தொலைபேசிப் பட்டியல்களிலிருந்தும் மோட்டார் வாகனப் பதிவுகளிலிருந்தும் எடுக்கப்பட்டவை. பொருளாதார மந்த காலத்தில் தொலைபேசியும் காரும் வைத்திருந்தவர்கள் யார் என்று சொல்லத் தேவையில்லை. அத்துடன் அட்டை கிடைத்தவர்களிலும் பெரும்பாலானோர் பதில் அனுப்பவில்லை. அதே தேர்தலில் ஜோர்ஜ் கலப் என்பவர் ஏறத்தாழ 50,000 பேரிடம் மட்டும் கேட்டு ரூஸ்வெல்ட் வெல்வார் என்று சரியாகச் சொன்னார். எத்தனை பேரிடம் கேட்டோம் என்பதைவிட, அவர்களை எப்படித் தெரிந்தெடுத்தோம் என்பதே முக்கியம். அன்றைய தொலைபேசிப் பட்டியலும் என்னுடைய வட்ஸ்அப் குழுவும் ஒரே வேலையைத்தான் செய்திருக்கின்றன.

நாங்கள் மீண்டும் தொடங்கினோம். இம்முறை வரவு இடாப்புகளிலிருந்து 320 பேரின் சேர்விலக்கங்களையும் ஒரு நிரலில் எழுதினோம். பக்கத்து நிரலில் ராண்ட் சார்பை இட்டு இறுதி நிரை வரை இழுத்துவிட்டோம். அது ஒவ்வொரு பிள்ளைக்கும் 0க்கும் 1க்கும் இடையில் ஓர் எழுமாற்று எண்ணைக் கொடுக்கும். தாளில் எதையாவது மாற்றும்போதெல்லாம் அந்த எண்களும் மாறிவிடும் என்பதால், அவற்றைப் பிரதி செய்து பெறுமானங்களாக மட்டும் ஒட்டினோம். பின்னர் அந்த நிரலைச் சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்தி, முதல் 40 பேரை எடுத்தோம். என் தோழியா, வேனில் என்னோடு வருபவளா, கைபேசி உள்ளவளா என்பதைக் கணனி பார்க்காது. 320 பேருக்கும் சம வாய்ப்பு. அதுதான் அகப்பை. 40 பேரையும் இடைவேளையில் நேரிலேயே தேடிப் போய்க் கேட்டோம். பாடசாலைக்கு வராதவர்களுக்காக அடுத்த நாளும் காத்திருந்தோம். அவர்களை விட்டுவிட்டு வேறு ஆட்களைப் போட்டிருந்தால் பழைய பிழையே திரும்ப வந்திருக்கும்.

இந்த 40 பேரில் இடை 34 நிமிடம், இடையம் 22 நிமிடம். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் பயணம் செய்பவர்கள் 9 பேர். முதலில் வட்ஸ்அப்பில் பதில் சொன்ன 96 பேரில் அப்படிப்பட்டவர்கள் இரண்டே இரண்டு பேர், அதில் ஒருவரை நான் அழித்தும் விட்டேன். ஒரு மாதிரியை மட்டும் நம்பக் கூடாதென்று, அதே முறையில் இன்னும் இரண்டு தடவை 40 பேரை எடுத்துப் பார்த்தோம். இடை 31 என்றும் 36 என்றும் வந்தது. மாதிரிக்கு மாதிரி விடை சிறிது அசையும், அது இயல்பு. ஆனால் எந்தத் தடவையும் 18க்குப் பக்கத்தில் வரவில்லை.

இடைக்கும் இடையத்துக்கும் ஏன் இவ்வளவு வித்தியாசம்? விளங்கிக்கொள்வதற்குப் பத்துப் பேரை எடுத்துக்கொள்வோம். அவர்களின் பயண நேரம் 10, 10, 12, 15, 15, 15, 20, 20, 28, 105 நிமிடங்கள். கூட்டினால் 250, இடை 25. நடுவில் நிற்கும் இடையம் 15, அதிகம் வரும் ஆகாரமும் 15. இடை 25 என்றாலும் 25 நிமிடத்தில் வீடு போகும் பிள்ளை ஒருவர்கூட அப்பட்டியலில் இல்லை. பத்துப் பேரில் எட்டுப் பேர் அதற்கு முன்பே வீட்டில். ஒருத்தி இன்னும் முதலாவது பஸ்ஸில். மூன்று பேர் 24, 25, 26 நிமிடம் எடுத்தாலும் இடை 25தான். 5, 10, 60 நிமிடம் எடுத்தாலும் இடை 25தான். அதனால்தான் இடையோடு வீச்சையும் நியம விலகலையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று பாடப் புத்தகம் வற்புறுத்துகிறது. பரீட்சைக்காக மட்டும் மனனமிடும் விடயமல்ல அது.

நம் நாட்டின் பெரிய கணக்குகளிலும் இதே வித்தியாசம் உண்டு. தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் 2019இல் நடத்திய வீட்டு வருமான செலவின ஆய்வின்படி, ஒரு குடும்பத்தின் மாத வருமானத்தின் இடை 76,414 ரூபா, இடையம் 53,333 ரூபா. அதாவது அரைவாசிக் குடும்பங்கள் 53,333 ரூபாவுக்குக் கீழேயே வாழ்ந்தன. மேலே இருக்கும் சிலரின் பெரிய வருமானம் இடையை உயர்த்திவிடுகிறது. "சராசரிக் குடும்பம் 76 ஆயிரம் உழைக்கிறது" என்று செய்தி வாசிக்கும்போது, "நம் வீட்டில் மட்டும் ஏன் இல்லை?" என்று ஒரு வாப்பா தலைகுனிய வேண்டியதில்லை.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. தவணைப் பரீட்சை அறிக்கை வந்ததும் "வகுப்புச் சராசரி என்ன?" என்று கேட்கிறீர்கள். அந்தச் சராசரி எப்படி வந்தது என்றும் கேளுங்கள். விரிதாளில் வெற்றுக் கலத்தை ஆவரேஜ் சார்பு எண்ணுவதில்லை, பூச்சியத்தை எண்ணும். மூன்று பேர் 60, 70, 80 புள்ளி எடுத்து, நான்காமவர் சுகயீனத்தால் பரீட்சைக்கு வராவிட்டால், அவருடைய கலம் வெறுமையாக இருந்தால் சராசரி 70. அதில் பூச்சியம் இட்டால் 52.5. பிள்ளைகளின் அறிவில் எந்த மாற்றமும் இல்லை, ஒரு கலத்தில்தான் மாற்றம். அதை வைத்துப் பிள்ளையைப் பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடுவது எவ்வளவு நியாயம் என்று சிந்தித்துப் பாருங்கள்.

இனி அந்த 105க்கு வருகிறேன். படிவத்தில் சேர்விலக்கம் இருந்ததால் அந்தத் தங்கையைத் தேடிப் போனேன். தரம் 10இல் படிக்கிறாள். "ராத்தா, நான் பிழையா எழுதல்ல. 105 நிமிசம்தான். ரெண்டு பஸ், பிறகு நடக்கணும்" என்றாள். அவளுடைய வீட்டில் ஸ்மார்ட் போன் இல்லை. பக்கத்து வீட்டுக்குப் போய், கைபேசி கேட்டு வாங்கிப் படிவத்தை நிரப்பியிருக்கிறாள். அவள் அவ்வளவு சிரமப்பட்டுச் சொன்னதை நான் ஒரு விசையால் அழித்திருக்கிறேன். மாலை 4.00 மணிக்குப் புறப்பட்டால் அவள் வீடு சேர 5.45 ஆகும். ஒரு பஸ் தவறினால் வழியிலேயே மஃரிப் பாங்கு சொல்லிவிடும். "வகுப்பு 4 மணி வரை என்டா உம்மா என்ன அனுப்ப மாட்டாங்க, ராத்தா" என்றாள். அந்த வகுப்பு அதிகம் தேவைப்பட்டவர்களில் அவளும் ஒருத்தி.

கவனித்துப் பாருங்கள். அவளை அழித்தபோது இடை ஒரு நிமிடம்கூடக் குறையவில்லை. 18.9 என்றிருந்தது 18 ஆனது, அவ்வளவுதான். அவள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இடைக்கு ஒன்றுதான். ஆகவே பிழை அழித்ததில் மட்டுமல்ல, கேட்ட கேள்வியிலும் இருந்தது. "சராசரியாக எவ்வளவு நேரம்?" என்பதல்ல நமக்குத் தேவைப்பட்ட கேள்வி. "இருட்டுவதற்குள் வீடு சேர முடியாதவர்கள் எத்தனை பேர்?" என்பதே. முதலில் சரியான கேள்வி, பிறகு சரியான மாதிரி, அதன் பிறகே கணக்கு. கணனி மூன்றாவதை மட்டும் செய்யும். முதல் இரண்டும் நம்முடைய பொறுப்பு. குப்பையைக் கொடுத்தாலும் அது அதே வேகத்தில், அதே தசமதானத் திருத்தத்துடன் விடை தரும்.

அறிக்கையை மாற்றி எழுதினோம். அதிபர் அதைப் படித்துவிட்டு, வாரத்தில் இரண்டு நாள் 3.00 மணி வரை வகுப்பு, மிகுதி சனிக்கிழமை காலையில் என்று முடிவு செய்தார். எல்லோருக்கும் அது வசதி என்று சொல்ல மாட்டேன். ஆனால் யாரையும் கணக்கில் எடுக்காமல் எடுத்த முடிவல்ல அது.

இந்த அனுபவத்திலிருந்து நான் முன்வைக்கும் யோசனை ஒன்றுண்டு. நமது கல்லூரியின் மன்றங்களோ வகுப்புகளோ எந்த ஆய்வு செய்தாலும், விடைக்கு மேலே நான்கு விடயங்களைக் கட்டாயம் எழுத வேண்டும்: மொத்தம் எத்தனை பேர், அவர்களில் யாரை எப்படித் தெரிந்தெடுத்தோம், எத்தனை பேர் பதில் தந்தனர், எதை ஏன் நீக்கினோம். நான்கு வரிகள்தான். அவற்றை நேர்மையாக எழுத முடியாத ஆய்வை வர்ண வரைபு காப்பாற்றாது.

ஒரு நிரையை அழிக்க முன் அந்தப் பிள்ளையிடம் ஒரு தடவை போய்க் கேளுங்கள். என்னைப் போல் பிறகு போய்க் கேட்க வேண்டாம்.