ஸ்ரீவில்லிபுத்தூர் தவளைக்கு செஷல்ஸில் சொந்தக்காரர்கள்... நடுவுல கடல் வந்தது எப்படி?

அரபிக்கடலின் அடியில் நீளும் கார்ல்ஸ்பெர்க் மலைத்தொடரில், 10,000 சதுர கி.மீ. பரப்பில் பல்உலோக சல்பைடு தேட, 2025 செப்டம்பரில் இந்தியா ஒப்பந்தம் போட்டது. உரிமை கொடுத்தது சர்வதேச கடற்படுகை ஆணையம். காலம் 15 ஆண்டு. டெல்லி செய்தி மாதிரி தெரியும். ஆனா ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே நிற்கும் மலைக்கும் இதற்கும் பழைய கணக்கு ஒன்று இருக்கு.

ஸ்ரீவில்லிபுத்தூர் சாம்பல் நிற அணில் சரணாலயப் பகுதியில் இருந்து 2017-ல் ஒரு ஊதாத் தவளை இனம் புதிதாக அறிவிக்கப்பட்டது. ஆய்வாளர் பூபதியின் நினைவாகப் பெயர் வைத்தார்கள். வருஷத்தில் பெரும்பகுதி மண்ணுக்குள்ளேயே கிடக்கும் தவளை இது. இந்த ஊதாத் தவளைக் குடும்பத்துக்கு உலகிலேயே நெருங்கிய உறவு, சுமார் 3,000 கி.மீ. தள்ளி செஷல்ஸ் தீவுகளில் வாழும் குட்டித் தவளைகள்தான்.

நீந்தியா போச்சு? இல்லை, நிலமே பிரிஞ்சு போச்சு. இந்தியாவும் செஷல்ஸும் ஒட்டியிருந்தவை. சுமார் 9 கோடி ஆண்டுகளுக்கு முன் மடகாஸ்கர் கழன்றது. சுமார் 6.5 கோடி ஆண்டுகளுக்கு முன், தக்காண எரிமலைகள் பொங்கிய காலத்தையொட்டி, செஷல்ஸும் கழன்றது. அந்த விரிசல்தான் கார்ல்ஸ்பெர்க். (தவளைக் குடும்பங்கள் கிளை பிரிந்தது அதற்கும் முன்பே.)

தட்டுகள் விலகும்போது பாறைக்குழம்பு மேலே வந்து குளிர்ந்து புதுக் கடல்தரை ஆகிறது. இன்றும் ஆண்டுக்கு 2 முதல் 3 செ.மீ. விரிகிறது. பூமியின் காந்தப்புலம் அவ்வப்போது தலைகீழாகும்; குளிரும் பாறை அந்தந்த நேரத்துத் திசையைப் பதிந்து வைத்துக்கொள்ளும். 1962-ல் பிரிட்டனின் ஓவன் கப்பல் இங்கே எடுத்த அளவீடுகளை வைத்துத்தான் ஃப்ரெட் வைன், டிரம்மண்ட் மேத்யூஸ் இருவரும் 1963-ல் இதை விளக்கினார்கள். பாடப்புத்தகத்தில் வரும் அந்தச் சான்று நம்ம வாசல் கடலில் கிடைத்தது! பெயரைக் கேட்டு பீர் ஞாபகம் வந்தாலும் தப்பில்லை. 1928-30-ல் மலைத்தொடரைக் கண்டறிந்த டென்மார்க் கப்பல் பயணத்துக்குப் பணம் கொடுத்தது அந்த பீர் கம்பெனியின் அறக்கட்டளை.

இனி விவகாரம். விரிசலில் இறங்கும் கடல்நீர் கடுமையாகச் சூடேறி, செம்பு, துத்தநாகம், தங்கம், வெள்ளியைக் கரைத்து வெந்நீர் ஊற்றாகக் கக்குகிறது. அதில் படிவதுதான் சல்பைடு. அதே ஊற்றுகளை நம்பி உயிர்களும் இருக்கு. இந்தியப் பெருங்கடல் ஊற்றுகளில் மட்டும் வாழும் இரும்புச் செதில் நத்தை, ஆழ்கடல் சுரங்க ஆபத்தால் 2019-ல் அழியும் நிலைப் பட்டியலில் சேர்ந்தது.

தவளையின் காடு 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகம். நத்தைக்கு அப்படியொரு வேலி கிடையாது. இப்போது கிடைத்திருப்பது தேடும் உரிமை மட்டும்தான். வெட்டி எடுக்கத் தனி அனுமதி வேண்டும். அதற்கான விதிகள் ஆணையத்தில் இன்னும் பேச்சுவார்த்தையில்தான் இருக்கு. ஆணையத்தின் கவுன்சிலில் இந்தியாவும் உறுப்பினர். உயிருள்ள ஊற்றுகளைத் தொடக்கூடாது என்று அங்கே நாம் பேசப்போகிறோமா என்பதைத்தான் கவனிக்கணும்.